சளிப்பூஞ்சையும் ஒப்பாசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் உயிரியல் பேசப் போகும்போதெல்லாம் இரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்டுவது என் வழக்கம். ஒன்று பைசேரம் பாலிசெபாலம் என்ற மஞ்சள் நிறச் சளிப்பூஞ்சை. மற்றொன்று வர்ஜீனியா ஒப்பாசம் என்ற அமெரிக்கப் பாலூட்டி. படம் திரையில் விழுந்ததுமே கைகள் உயர்ந்துவிடும். பாளையங்கோட்டையில் கேட்ட கேள்வியையே கடையத்திலும் கேட்கிறார்கள், வள்ளியூரிலும் கேட்கிறார்கள். பிள்ளைகளோடு வரும் ஆசிரியர்களும், பேச்சை ஓரமாக நின்று கேட்கும் வாழைத் தோட்டக்காரர்களும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். பின்வரும் பதில்கள் முன்வந்தவற்றைச் சார்ந்திருப்பதால் முதலிலிருந்து படிப்பது நல்லது.

1. முதலில், இவை இரண்டும் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள் ஐயா.

பைசேரம் பாலிசெபாலம் ஈரக்காட்டில் அழுகும் கட்டையிலும் இலைக் குப்பையிலும் வாழும் உயிர். சளிப்பூஞ்சை என்று பெயர் இருந்தாலும் இது பூஞ்சை அல்ல. பாக்டீரியாவையும் பூஞ்சைகளையும் தின்கிறது. மூளை இல்லை, வாய் இல்லை, கால் இல்லை. மெல்ல ஊர்ந்து இடம் மாறும். 1822-இல் ஷ்வைனிட்ஸ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் இதற்கு அறிவியல் பெயரிட்டார்.

வர்ஜீனியா ஒப்பாசம் வீட்டுப் பூனை அளவுள்ள விலங்கு. சாம்பல் நிற உரோமம், வெளுத்த கூர்முகம், உரோமம் இல்லாத நீண்ட வால். கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் பைப்பாலூட்டி இது. மெக்சிகோவுக்கு வடக்கே இயற்கையாக வாழும் பைப்பாலூட்டி இது ஒன்றுதான். வாயில் 50 பற்கள். பழம், பூச்சி, எலி, பாம்பு, முட்டை, செத்த விலங்கு, குப்பைத் தொட்டி எச்சில் எதையும் விட்டுவைக்காது.

2. நம் பக்கம் இவற்றைப் பார்க்க முடியுமா?

சளிப்பூஞ்சைகளைத் தாராளமாகப் பார்க்கலாம். உலகில் ஏறத்தாழ ஆயிரம் வகைகள் உண்டு. பைசேரம் பேரினத்தைச் சேர்ந்தவை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழ்கின்றன. ஆனி, ஆடியில் சாரல் விழும் குற்றாலம், பாபநாசம் மலைச்சரிவுகளில் விழுந்து கிடக்கும் கட்டைகளைக் கவனமாகப் பாருங்கள். சமவெளியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தோட்டத்து மட்டைக் குவியலிலேயே கிடைக்கும். பழுப்பு மயிர்க்கற்றைகளாக எழுந்து நிற்கும் ஸ்டெமோனிடிஸ், இளஞ்சிவப்பு மணிகளாகத் திரளும் லைகோகாலா இரண்டும் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும் வகைகள்.

ஒப்பாசம் இந்தியாவிலேயே இல்லை. இன்று உயிரோடிருக்கும் பைப்பாலூட்டிகள் எல்லாம் அமெரிக்கக் கண்டங்களையும் ஆஸ்திரேலியா, நியூகினி பக்கத்துத் தீவுகளையும் சேர்ந்தவை. வர்ஜீனியா ஒப்பாசத்தின் எல்லை தெற்கே கோஸ்டா ரிகாவிலிருந்து வடக்கே கனடாவின் தென்பகுதி வரை.

3. எங்கள் வீட்டு ஓட்டின் மேல் இரவில் ஓடுவது ஒப்பாசம்தானே? வீடியோவில் பார்த்ததைப் போலவே இருந்தது.

இல்லை. நீங்கள் பார்த்தது அநேகமாக மரநாய். கருஞ்சாம்பல் உடல், முகத்தில் கறுப்புப் பட்டை, உரோமம் அடர்ந்த நீண்ட வால். பனையேறிகளைக் கேட்டால் பதநீர்க் கலயத்தில் வாய் வைக்கும் பிராணி என்று சொல்வார்கள். வால் மயிர் இல்லாமல், சாக்கடை ஓரமாகக் குனிந்து ஓடியிருந்தால் அது பெருச்சாளி.

மரநாய்க்கு வயிற்றுப் பை கிடையாது. பூனை, கீரி இவற்றோடு ஊனுண்ணி வரிசையில் சேர்ந்தது அது. ஒப்பாசம் வேறு மரபு. இரண்டுமே இரவில் உலவும், மரமேறும், பழமும் எலியும் தின்னும் என்பதால்தான் இருட்டில் ஒன்று போலத் தெரிகின்றன. தயவுசெய்து மரநாயைக் கம்பெடுத்து விரட்டாதீர்கள். அது காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ள விலங்கு. வீட்டுக்கூரையில் எலியைக் குறைப்பதும் அதுதான்.

4. மழை பெய்த மறுநாள் வாழைச் சருகின் மேல் மஞ்சளாக, நாய் கக்கியதைப் போல ஒன்று கிடந்தது அண்ணாச்சி. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டேன். விஷமா?

விஷமில்லை. மண்ணெண்ணெய் தேவையே இல்லை. அது ஃபுலிகோ செப்டிகா என்ற சளிப்பூஞ்சையாக இருக்கும். உங்கள் வாழையை அது தின்னாது. சருகில் வளரும் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்று, ஓரிரு நாளில் மேலே ஏறி, காய்ந்து, உள்ளே கரும்பழுப்புத் தூளாக மாறிவிடும். அந்தத் தூள் அதன் ஸ்போர்கள், அதாவது விதையைப் போலப் பரவி முளைக்கும் நுண்துகள்கள். ஆஸ்துமா அல்லது ஒவ்வாமை உள்ளவர்கள் தூளைக் கிளறி மூச்சில் இழுக்காமல் இருந்தால் போதும். பார்க்கச் சகிக்கவில்லை என்றால் மண்வெட்டியால் அள்ளி எருக்குழியில் போடுங்கள்.

1973-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு வீட்டுப் புல்தரையில் இதே ஃபுலிகோ பெரிதாக வளர்ந்து, வேற்றுக் கிரகத்திலிருந்து வந்ததோ என்று ஊரே பயந்தது. ஆகவே முதல் தடவை பார்ப்பவர் திடுக்கிடுவதில் குற்றமில்லை.

5. பூஞ்சை என்று சொல்லிவிட்டு, பூஞ்சை இல்லை என்கிறீர்களே?

பூஞ்சைகள் நொதியை வெளியே சுரந்து, உணவைக் கரைத்து, சாற்றை உறிஞ்சுகின்றன. சளிப்பூஞ்சை இரையைச் சூழ்ந்து விழுங்குகிறது. ஊரும் பருவத்தில் அதன் உடலைச் சுற்றி, பூஞ்சைகளுக்கு உள்ள கைட்டின் சுவர் கிடையாது. ஸ்போர் விடும் பருவத்தில் மட்டும் காளானைப் போலத் தோன்றுவதால் பழைய அறிஞர்கள் பூஞ்சைகளோடு சேர்த்துவிட்டார்கள். இன்று அமீபாவின் கூட்டத்தில் வைக்கிறார்கள். விலங்கும் அல்ல, தாவரமும் அல்ல. இதிலிருந்து பிறக்கும் ஒரு வியப்பான முடிவை 15-ஆம் கேள்வியில் பார்க்கலாம்.

6. உள்ளங்கை அகலம் இருக்கிறது. இதைப் போய் ஒரே செல் என்றால் எப்படி நம்புவது?

நம்பக் கடினமான செய்திதான், ஆனால் உண்மை. செல் என்றாலே நுண்ணோக்கியில் மட்டும் தெரிவது என்று பாடத்தில் படித்திருக்கிறோம். பைசேரத்தின் ஊரும் உடலுக்குப் பிளாஸ்மோடியம் என்று பெயர். அதில் உட்கருக்கள் மட்டும் பிரிந்து பெருகும், அவற்றுக்கிடையே சுவர் எழும்பாது. கல்யாண மண்டபத்துக் கூடத்தில் தடுப்பே இல்லாமல் உறவினர் அத்தனை பேரும் படுத்திருப்பதைப் போல, லட்சக்கணக்கான உட்கருக்கள் ஒரே சவ்வுக்குள் கிடக்கின்றன. எல்லா உட்கருக்களும் ஒரே நேரத்தில் பிரிகின்றன, ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. செல் பிரிதலை ஆராய்ந்தவர்களுக்கு இந்த ஒழுங்கு பெரிய வரமாக அமைந்தது.

உள்ளே நரம்புகளைப் போலத் தெரியும் குழாய்களில் செல் திரவம் முன்னே பாயும், நிற்கும், பின்னே பாயும். ஒரு திசையில் ஓரிரு நிமிடம், பிறகு எதிர்த்திசையில். வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரை போகும். எளிய நுண்ணோக்கியிலேயே இதைப் பார்க்கலாம். பார்த்த பிள்ளைகள் கண்ணை எடுக்க மாட்டார்கள். முன்னோட்டம் பின்னோட்டத்தைவிடச் சிறிது மிஞ்சும் பக்கமாக முழு உடலும் மணிக்குச் சில சென்டிமீட்டர் வரை நகர்கிறது. 1987-இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ ஐந்தரைச் சதுர மீட்டர் பரப்புக்கு ஒன்றை வளர்த்துக் காட்டினார்கள்.

7. சம்பந்தமே இல்லாத இரண்டை எதற்கு ஒப்பிட வேண்டும்? தேர்வில் வருமா?

தேர்வில் வராது. ஒப்பிடுதல் என்றாலே இரண்டுக்கும் மதிப்பெண் போட்டு எது உசத்தி என்று முடிவு கட்டுவது என நமக்குப் பழகிவிட்டது. பாடநூல் அட்டவணைகளும் அப்படியே பழக்குகின்றன: கீழ்நிலை உயிர், மேல்நிலை உயிர், ஏணிப்படி, உச்சியில் மனிதன். அந்த ஏணியை உடைக்கத்தான் இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கம் பல உட்கருக்கள் உள்ள ஒற்றைச் செல். மறுபக்கம் கோடானுகோடி செல்கள், பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் ஓர் உட்கரு. உடலமைப்பில் இதைவிடத் தூரமான இருவரைத் தேடிப் பிடிப்பது அரிது.

ஆனால் இரண்டுக்கும் முன்னால் நிற்கும் தேவைகள் ஒன்றே. சாப்பாடு எங்கே இருக்கிறது? ஆபத்து வந்தால் என்ன செய்வது? சந்ததியை எப்படி விட்டுச் செல்வது? ஒரு கேள்வியை எடுத்து, இது என்ன பதில் சொல்கிறது, அது என்ன பதில் சொல்கிறது என்று பார்த்தால் இரண்டையுமே புதிதாகப் பார்க்கிறோம். புலியையும் யானையையும் வைத்தும் இதைச் செய்யலாம். அவற்றுக்குப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒன்றைக் கண்டால் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள், இன்னொன்றை அதன் சொந்த நாட்டிலேயே பெரிய எலி என்று அருவருக்கிறார்கள். இவற்றுக்காகப் பேசுவது எனக்கு முக்கியம்.

8. ஒப்பாசம் பன்னிரண்டே நாளில் குட்டி போடும் என்கிறார்களே, அது எப்படி?

கர்ப்ப காலம் 12 அல்லது 13 நாள்தான். ஆகவே பிறப்பது குட்டி என்பதைவிடக் கரு என்றே சொல்லலாம். ஒன்று கால் கிராம்கூட இருக்காது, உடல் தேனீ அளவு. கண் இல்லை, காது இல்லை, பின்கால் வெறும் மொட்டு. முன்கால்கள் மட்டும் நகத்தோடு முழுமையாக இருக்கும். அந்த முன்கால்களால் தாயின் உரோமத்தைப் பற்றிப் பற்றித் தானாகவே பைக்குள் ஏறி, ஒரு முலைக்காம்பைக் கவ்வ வேண்டும். கவ்வியதும் காம்பு வாய்க்குள் வீங்கி இறுகிக்கொள்ளும். ஏறத்தாழ இரண்டு மாதம் அப்படியே கிடந்து வளரும்.

இதில் கடினமான கணக்கு ஒன்று இருக்கிறது. வழக்கமாகத் தாய்க்கு 13 காம்புகள், பன்னிரண்டு வட்டமாக, ஒன்று நடுவில். பிறப்பவை இருபதுக்கு மேலும் இருக்கலாம். காம்பு கிடைக்காதவை இறந்துவிடும். இதைச் சொல்லும்போது வகுப்பில் யாராவது ஒரு பிள்ளையின் முகம் வாடாமல் இருந்ததில்லை. பிழைத்தவை பையிலிருந்து வெளியே வந்து தாயின் முதுகில் தொற்றிக்கொண்டு ஊர் சுற்றும். நூறு நாள் வாக்கில் பால் மறக்கும்.

9. சளிப்பூஞ்சைக்கு 720 பாலினம் என்று படித்தேன். உண்மையா?

பாரிஸ் விலங்குக் காட்சிச்சாலை 2019-இல் பைசேரத்தைக் காட்சிக்கு வைத்தபோது அந்த எண் உலகம் முழுவதும் பரவியது. அதன் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்போரிலிருந்து வெளிவருவது நுண்ணிய அமீபா. இரண்டு அமீபாக்கள் இணைந்தால்தான் பிளாஸ்மோடியம் தொடங்கும். யார் யாரோடு இணையலாம் என்பதை மூன்று மரபணு இடங்கள் தீர்மானிக்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் பல மாற்று வடிவங்கள் உண்டு. அவற்றைப் பெருக்கினால் 720 என்பது போன்ற பெரிய எண் வருகிறது. அவை இணையும் வகைகள்தானே தவிர, ஆண் உடல், பெண் உடல் என்று வேறுபட்ட 720 உடல்கள் அல்ல. எல்லா அமீபாவும் ஒரே தோற்றம்தான்.

இதன் பயன் தெளிவானது. வகை இரண்டே இருந்தால், எதிர்ப்படும் அந்நியரில் பாதிப் பேர் பொருந்த மாட்டார்கள். வகை நிறைய இருந்தால் எதிர்ப்படும் அந்நியர் அநேகமாகப் பொருந்துவார். ஒப்பாசத்தின் பாடு முழுவதும் பிறப்புக்குப் பின்னால், தாயின் பையில். பைசேரத்தின் பாடு இணையும் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பிறகு வளர்த்துவிட யாரும் இல்லை. பசியும் வெளிச்சமும் சேர்ந்தால் முழு உடலையும் ஸ்போர்ப் பைகளாக மாற்றிக் காற்றில் விட்டுவிடும்.

10. செத்தது போல நடிப்பது ஒப்பாசத்தின் தந்திரம்தானே? சளிப்பூஞ்சைக்கு அப்படி ஏதாவது உண்டா?

நடிப்பு என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒப்பாசம் முதலில் சீறும், 50 பல்லையும் காட்டும், முடிந்தால் ஓடும். எதுவும் பலிக்காதபோதுதான் விழுகிறது. அது விரும்பிச் செய்வதல்ல, உடல் தானாகச் செய்வது. வாய் திறந்து, எச்சில் ஒழுகி, பின்புறத்திலிருந்து நாற்றமடிக்கும் திரவமும் கசியும். குத்தினாலும் அசையாது. சில நிமிடத்தில் எழலாம், சில மணி நேரமும் ஆகலாம். 1960-களில் அந்த நிலையில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். மூளை விழித்தே இருந்தது.

பைசேரத்துக்கு வேட்டைக்காரனைவிட வறட்சி பெரிய பகை. நம் பங்குனி, சித்திரை வெயில் போன்ற காய்ச்சலில் அது தன் உடலைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்து, கடினமான ஆரஞ்சு நிறப் பொருக்காக உலர்ந்துவிடும். அந்தப் பொருக்கு ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். தண்ணீர் தெளித்தால் ஒரு நாளில் ஊரத் தொடங்கும். 2021-இல் பிரெஞ்சு விண்வெளி வீரர் தோமா பெஸ்கே சர்வதேச விண்வெளி நிலையத்தில் பைசேரத்தை வைத்துச் சோதனை செய்தபோது, பூமியிலிருந்து போனது இந்த உலர் பொருக்குதான்.

ஒன்று நிமிடக் கணக்கிலோ மணிக் கணக்கிலோ அசைவற்றுக் கிடக்கிறது, மற்றது மாதக் கணக்கில். இரண்டும் உயிர்வாழும் வழிகளே. ஆனால் ஒப்பாசத்தின் உடல் இயங்கிக்கொண்டே இருக்கிறது. பைசேரம் இயக்கத்தையே ஏறத்தாழ நிறுத்திவிடுகிறது.

11. மூளையே இல்லாதது எப்படி வழி கண்டுபிடிக்கும்? புதிர்ப்பாதையில் ஓடியது என்கிறார்களே.

ஓடவில்லை, பரவியது. 2000-இல் ஜப்பானியர் தோஷியுகி நாககாகியும் அவர் குழுவும் ஒரு சிறிய புதிர்ப்பாதை முழுவதும் பைசேரத் துண்டுகளை வைத்தார்கள். துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பாதையை நிரப்பின. பிறகு இரு முனைகளில் ஓட்ஸ் வைத்தார்கள். சில மணி நேரத்தில் முட்டுச்சந்துகளிலிருந்தும் நீண்ட வழிகளிலிருந்தும் உடல் பின்வாங்கியது. ஓட்ஸையும் ஓட்ஸையும் இணைக்கும் குறுகிய வழியில் மட்டும் தடித்த குழாய் நின்றது. ஓட்டம் அதிகமுள்ள குழாய் தடிக்கும், ஓட்டம் குறைந்த குழாய் மெலிந்து மறையும். 6-ஆம் பதிலில் சொன்ன முன்பின் பாய்ச்சல்தான் இதற்கு இயந்திரம். யாரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய தேவை இல்லை.

2010-இல் அதே வட்டத்தினர் தோக்கியோவைச் சுற்றியுள்ள நகரங்களின் இடங்களில் 36 உணவுத் துணுக்குகளை வைத்தார்கள். ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் பைசேரம் வரைந்த வலை, திறனிலும் செலவுச் சிக்கனத்திலும் அங்குள்ள ரயில் வலையோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது. இதைச் சொன்னதும் நம் பிள்ளைகள் கேட்பது: திருநெல்வேலி, தென்காசி, செங்கோட்டை, திருச்செந்தூர், வள்ளியூர் இடங்களில் ஓட்ஸ் வைத்தால் நம் ரயில் பாதை வருமா? ஓட்ஸ் மட்டும் வைத்தால் மலை இருப்பது அதற்குத் தெரியாது. பைசேரத்துக்கு வெளிச்சம் ஆகாது. மலையும் கடலும் உள்ள பகுதிகளில் வெளிச்சம் பாய்ச்சித்தான் ஜப்பானில் தடை ஏற்படுத்தினார்கள். பொதிகை மலைத் தொடர் மேல் விளக்குப் போட்டுவிட்டுப் பாருங்கள், செங்கோட்டைக் கணவாய் வழியாக அது எப்படி நுழைகிறது என்பது நல்ல ஆராய்ச்சித் திட்டமாக இருக்கும்.

12. அப்படியானால் அது ஒப்பாசத்தைவிடப் புத்திசாலியா?

7-ஆம் பதிலில் உடைக்க நினைத்த ஏணியை மறுபடியும் நிறுத்துகிறீர்கள்! புத்தி என்ற ஒரே அளவுகோலில் இரண்டையும் நிறுத்த முடியாது.

பைசேரம் செய்வதாக உறுதியாகச் சொல்லக் கூடியவை இவை. தான் ஊர்ந்த இடத்தில் விட்டுச் சென்ற சளித்தடத்தை உணர்ந்து, தேடி முடித்த இடத்தை மீண்டும் தேடாமல் தவிர்க்கிறது. 2012-இல் இதைக் காட்டினார்கள். நினைவு அதன் உடலுக்கு வெளியே, தரையில் இருக்கிறது. 2016-இல் பிரான்சில் ஒத்ரே துசுத்தூர் குழுவினர், உணவுக்குப் போகும் பாலத்தில் கசப்பான குயினைன் அல்லது காஃபின் தடவினார்கள். முதல் நாள்களில் தயங்கியது. தீங்கில்லை என்று ஆனபின் சில நாள்களில் தயக்கமின்றிக் கடந்தது. இரண்டு நாள் இடைவெளி விட்டால் பழைய தயக்கம் திரும்பியது. பழகிக்கொள்வதற்கு நரம்பு மண்டலம் கட்டாயமில்லை என்பதற்கு இது வலுவான சான்று.

ஒப்பாசத்துக்கு உடல் அளவுக்குச் சிறிய மூளைதான். மற்ற பைப்பாலூட்டிகளைப் போலவே, நம் மூளையின் இரு பாதிகளை இணைக்கும் தடித்த நரம்புக் கற்றையும் அதற்கு இல்லை. ஆனாலும் வாசனையால் உணவு தேடும், இடம் நினைவு வைக்கும், மரம் ஏறும், வாலால் சருகைச் சுற்றிக் கூட்டுக்குத் தூக்கிப் போகும். பைசேரத்தால் இவற்றில் ஒன்றும் முடியாது. ஒரு குழாய் அறுபட்டால் இன்னொரு குழாய் வழியாக ஓடிக்கொண்டே இருப்பது ஒப்பாசத்தால் முடியாது.

13. ஒப்பாசத்துக்குப் பாம்பு விஷம் ஏறாதாமே? கண்ணாடி விரியன் கடிக்கு அதிலிருந்து மருந்து கிடைக்குமா?

கழனியில் வேலை செய்பவர்கள் கேட்கும் கேள்வி இது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வர்ஜீனியா ஒப்பாசம் தன் நாட்டு ரேட்டில் பாம்பு போன்ற குழிவிரியன்களைப் பிடித்துத் தின்னும். அவற்றின் நஞ்சைச் செயலிழக்கச் செய்யும் புரதங்கள் அதன் குருதியில் உள்ளன. எல்லாப் பாம்பு நஞ்சுக்கும் அது காப்பல்ல.

2015-இல் கலிபோர்னியாவில் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளேர் கோமிவ்ஸ் குழுவினர், அந்தப் புரதத்தின் ஒரு சிறு துண்டைப் பாக்டீரியா மூலம் தயாரித்து, நஞ்சோடு சேர்த்து எலிகளில் சோதித்தார்கள். ரேட்டில் பாம்பு நஞ்சு மட்டுமல்ல, பாகிஸ்தானிலிருந்து பெற்ற கண்ணாடி விரியன் நஞ்சும் எலிகளைக் கொல்லவில்லை என்று அறிவித்தார்கள். நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் எலியில் பலித்தது மனிதருக்கு மருந்தாக இன்னும் வந்துவிடவில்லை.

இன்று உயிர் காப்பது குதிரைக் குருதியிலிருந்து எடுக்கும் நச்சுமுறிவு மருந்துதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து இந்தியாவில் அது தயாராகிறது. அதற்கான நஞ்சைத் தருவதில் மாமல்லபுரம் அருகே 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு பெரிது. கடிபட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வேர் தேடி அலையாதீர்கள். கடிபட்ட உறுப்பை அசைக்காமல், நச்சுமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு போங்கள்.

14. ஒப்பாசம் ஒரு பருவத்தில் 5,000 உண்ணிகளைத் தின்னும் என்று பகிர்கிறார்களே?

ஆய்வுக் கூடத்தில் கூண்டில் வைத்த சில ஒப்பாசங்களிலிருந்து கணக்கிட்டுச் சொன்ன எண் அது. 2021-இல் இல்லினாய் மாநிலத்தில் 32 காட்டு ஒப்பாசங்களின் இரைப்பைகளை ஆராய்ந்தபோது ஓர் உண்ணிகூட இல்லை. ஒப்பாசத்தை மதிக்க இந்தப் பொய்யான பெருமை தேவையில்லை.

15. காளானுக்கு நெருங்கிய உறவு யார்? சளிப்பூஞ்சையா, ஒப்பாசமா?

பள்ளி ஆசிரியர் ஒருவர் மாணவர்களை மடக்குவதற்காகக் கேட்டார், நான் மகிழ்ந்து போனேன். விடை: ஒப்பாசம்! மரபணு ஒப்பீடுகளின்படி விலங்குகளும் பூஞ்சைகளும் ஒரே பெருங்கிளையில் பிரிந்தவை. அமீபாக் கூட்டம் அந்தக் கிளைக்குப் பக்கத்துக் கிளை. ஆகவே மழைக்குப் பின் வரப்பில் முளைக்கும் காளானுக்கு, அதே ஈரத்தில் அதன் பக்கத்திலேயே ஊரும் சளிப்பூஞ்சையைவிட அமெரிக்காவில் மரமேறும் ஒப்பாசம் நெருங்கிய சொந்தம். நீங்களும் நானும் அப்படியே.

மூவருக்கும் பொதுவான மூதாதை நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்த ஒற்றைச் செல் உயிர். பைசேரம் அந்தப் பழைய மூதாதை அப்படியே தங்கிவிட்ட மிச்சம் என்று நினைத்துவிடக் கூடாது. அதுவும் ஒப்பாசத்துக்குச் சமமான காலம் மாறி மாறி வந்த உயிர்தான்.

16. எது அதிக நாள் வாழும்?

காட்டில் ஒப்பாசம் இரண்டு வயதைத் தாண்டுவது அபூர்வம். அந்த உடல் அளவுள்ள பாலூட்டிக்கு இது மிகக் குறைவு. ஆந்தை, நாய், கார் எல்லாம் அதைக் கொல்கின்றன. ஆபத்திலிருந்து தப்பினாலும் வேகமாகக் கிழடு தட்டிவிடும். அமெரிக்க உயிரியலாளர் ஸ்டீவன் ஆஸ்டட் 1993-இல் வெளியிட்ட ஆய்வு இதில் அருமையானது. ஜார்ஜியா மாநிலக் கரைக்கு அப்பால் உள்ள சபேலோ தீவில், வேட்டையாடும் விலங்குகள் மிகக் குறைவு. அங்கே பல ஆயிரம் ஆண்டுகளாகத் தனித்திருந்த ஒப்பாசங்கள் கரையில் உள்ளவற்றைவிட மெதுவாக மூப்படைந்தன. வெளியிலிருந்து வரும் சாவு குறைந்தால் மூப்பின் வேகமும் தலைமுறைகளில் குறையும் என்ற கருத்துக்கு அது துணை நின்றது.

பைசேரத்துக்கு வயது கேட்பதே சிக்கல். ஒன்றை இரண்டாக வெட்டினால் இரண்டும் வாழும். இரண்டைத் தொடவிட்டால், மரபு பொருந்தினால் ஒன்றாகிவிடும். யாருடைய பிறந்த நாளைக் கணக்கில் எடுப்பது?

17. சளிப்பூஞ்சையை வீட்டில் பார்க்க வழி இருக்கிறதா? காட்டுக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை.

காட்டுக்குப் போகவே வேண்டாம். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்திலிருந்து ஒரு சருகுகூட எடுத்து வரக் கூடாது. வீட்டு வேம்பு, சாலையோரப் புளி, தாமிரபரணிக் கரை மருதம் இவற்றில் தானாக உரியும் பட்டைத் துண்டுகளே போதும். உயிருள்ள மரத்தின் பட்டையில் ஸ்போர்கள் ஒட்டிக்கிடக்கும்.

மூடியுள்ள தட்டையான டப்பாவில் வடிதாள் விரித்து, பட்டையை ஒன்றோடொன்று படாமல் அடுக்கி, மூழ்கும் அளவு கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் தண்ணீரை வடித்துவிட்டு, தாள் மட்டும் ஈரமாக இருக்கும்படி மூடி வையுங்கள். நேர் வெயில் படக் கூடாது. இரண்டாம் வாரத்திலிருந்து பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையால் பட்டை இடுக்குகளைப் பாருங்கள். வெள்ளை நூல் பூஞ்சைதான் முதலில் வரும், அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். மூன்று மாதம் வரை வைத்திருக்கலாம். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத காம்பின் மேல் சாம்பல், பழுப்பு, செம்பு நிறத் தலைகள் எழுந்தால் அவை ஸ்போர்ப் பைகள்.

எடுத்து வைக்கக் கோவில்பட்டித் தீப்பெட்டி போதும். உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தீப்பெட்டியைத்தான் பயன்படுத்துகிறார்கள். பட்டைத் துண்டை நிழலில் உலர்த்தி, உள்தட்டில் பசையால் ஒட்டி, மேலே மரத்தின் பெயர், ஊர், எடுத்த தேதி, முதலில் கண்ணில் பட்ட தேதி நான்கையும் எழுதுங்கள். இனப்பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடலாம். தேதியும் மரமும் விட்டுப்போகக் கூடாது.